அச்சுருவும் பாடமும்: தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளரின் முடிவுகள் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் அச்சு வரலாறு இதுவரை பெரிதும் நூல்களின் வரலாறாகவும் பதிப்பாசிரியர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. அந்நூல்களைத் தாங்கிய அச்செழுத்துகளைச் செதுக்கியோரும், வார்த்தோரும், இன்று கணினியில் வரைவோரும் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றனர். எழுத்துரு வடிவமைப்பு அழகியல் சார்ந்த புறவேலை மட்டுமன்று. பாடத்தை உறுதிசெய்வதில் பங்குகொள்ளும் செயல் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். புள்ளி, கொம்பு, கால், ரகரம் ஆகியவற்றின் வடிவ வேறுபாடு, 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம், ஒருங்குறி எழுத்துருக்களின் இயல்பு ஆகிய மூன்று களங்களில் இக்கருதுகோள் சோதிக்கப்படுகிறது. இறுதியில் பதிப்பாய்வுக்குப் பயன்படும் சில நடைமுறைப் பரிந்துரைகள் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, அச்செழுத்து, வரிவடிவம், எழுத்துச் சீர்திருத்தம், பாடம், ஒருங்குறி.

1. முன்னுரை

ஒரு நூலைப் படிப்பவர் சொல்லைக் காண்கிறார், எழுத்தைக் காண்பதில்லை. எழுத்துரு நன்கு அமைந்திருக்குமானால் அது கண்ணுக்குத் தெரியாமலே தன் பணியைச் செய்துவிடுகிறது. இந்த மறைவுத்தன்மையே ஆய்வுலகம் எழுத்துருவைப் பொருட்படுத்தாமைக்கும் காரணமாயிற்று. ஓலைச்சுவடியின் எழுத்தமைதியை நுணுகி ஆராயும் நாம், அச்சு நூலின் எழுத்தமைதியை இயல்பானதாக எடுத்துக்கொள்கிறோம். சுவடி எழுதியவர் கைப்பிழை செய்திருக்கக்கூடும் என ஐயுறும் நாம், அச்செழுத்தை வார்த்தவர் சில முடிவுகளை நமக்காக முன்னரே எடுத்துவிட்டார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எழுத்தின் ஒலிவடிவையும் வரிவடிவையும் பிரித்துநோக்கும் மரபு தமிழிலக்கணத்துக்குப் புதியதன்று. எழுத்துகள் தொன்றுதொட்டு வழங்கிவரும் வடிவினை உடையன என்று நன்னூல் கூறிச் செல்கிறது. ஆயினும் வட்டெழுத்து, தமிழெழுத்து ஆகியவற்றின் கல்வெட்டுச் சான்றுகள் அவ்வடிவங்கள் நூற்றாண்டுதோறும் மாறிவந்தமையைக் காட்டுகின்றன. கல்லில் உளியும், ஓலையில் எழுத்தாணியும், தாளில் இறகும் நாணலும் வெவ்வேறு வடிவங்களை விளைவித்தன. ஈய அச்செழுத்தும் கணினி எழுத்துருவும் இவ்வரிசையின் பிற்காலக் கண்ணிகளே. இவற்றுள் ஒரு வேறுபாடு உண்டு. எழுத்தாணி பிடித்தவர் ஒவ்வொரு முறையும் எழுத்தைப் புதிதாக எழுதினார்; அச்செழுத்தைச் செதுக்கியவர் ஒரே முறை எழுதினார், அவ்வொரு முறையே பல்லாயிரம் பக்கங்களில் நிலைபெற்றது.

இக்கட்டுரையில், ஒரு குடும்பமாக அமைந்த எழுத்து வடிவங்களின் தொகுதி 'எழுத்துரு' எனவும், கோப்பதற்கெனத் தனித்தனியே வார்க்கப்பட்ட உலோகத் துண்டு 'அச்செழுத்து' எனவும் வழங்கப்படும். இவ்வேறுபாடு நான்காம் பகுதியில் இன்றியமையாததாகும். தமிழில் எழுத்துகள் 247 எனினும், அச்சுக்கோப்பவரின் பெட்டியில் இருக்கவேண்டிய அச்செழுத்துகள் 247 அல்ல.

2. வார்ப்புக்கூடத்தில் தமிழ்

தமிழ்மொழி முதலில் அச்சேறியது தமிழ் எழுத்தில் அன்று. 1554இல் லிஸ்பனில் அச்சான 'கார்த்தில்யா' தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் தந்தது. தமிழ் வரிவடிவிலான முதல் நூல் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற, அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்'. பதினாறு பக்கங்களே கொண்ட இச்சிறுநூலின் இறுதிப்பக்கம் நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. 1577இல் கோவாவில் உருவான எழுத்துகளும் 1578இல் கொல்லத்தில் உருவான எழுத்துகளும் அங்கு மாதிரியாக அச்சிடப்பட்டுள்ளன. முன்னதை உருவாக்கியவர் ஜோவான் கோன்சால்வஸ், பின்னதை உருவாக்கியவர் ஜோவான் தெ ஃபாரியா. எனவே தமிழின் முதல் அச்சு நூலே தன் எழுத்துருவின் பிறப்பையும் பதிவுசெய்த நூலாக விளங்குகிறது. ஓராண்டு இடைவெளியில் எழுத்துரு மீண்டும் செய்யப்பட்டது என்பதும், பழையதும் புதியதும் ஒருங்கே காட்டப்பட்டன என்பதும் அம்முன்னோடிகள் வடிவத்தைத் திருத்திச் செம்மைப்படுத்தும் நோக்குடன் இயங்கினர் எனக் கருத இடந்தருகின்றன. இந்நல்வழக்கம் பின்வந்த தமிழ் நூல்களில் தொடரவில்லை.

1679இல் அம்பலக்காட்டில் அச்சான, அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதிக்குரிய எழுத்துகள் மரத்தில் செதுக்கப்பட்டவை. அவற்றைச் செதுக்கியவர் இக்னேஷியஸ் ஐச்சாமணி என்ற உள்நாட்டுக் கைவினைஞர். பெயர் அறியப்பட்ட முதல் உள்நாட்டுத் தமிழ் எழுத்துருக் கலைஞர்களுள் ஒருவராக இவரை நாம் கொள்ளலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் களம் தரங்கம்பாடிக்கு நகர்ந்தது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவின் முயற்சியால் ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பெற்று 1713இல் தரங்கம்பாடி வந்தடைந்தன. தமிழறியாத கைவினைஞர் தொலைவிலிருந்து மாதிரியைக் கண்டு செதுக்கிய அவ்வெழுத்துகள் அளவிற் பெரியனவாக அமைந்தன. தாள் அரிதான சூழலில் பெரிய எழுத்து பெருஞ்செலவு. எனவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயக் கலங்களை உருக்கி இதற்குப் பயன்படுத்தினர் என்ற செய்தி அச்சு வரலாற்றில் தொடர்ந்து சொல்லப்படுகிறது. இங்கு ஒரு பொதுவிதி புலனாகிறது: எழுத்தின் அளவு, தாளின் விலை, நூலின் பரவல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தீர்மானிக்கின்றன.

1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானபோது கைப்பற்றப்பட்ட அச்சுப்பொறி சென்னை வேப்பேரிக்கு வந்து, ஃபெப்ரீசியசின் பொறுப்பில் இயங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட், தமிழ் எழுத்துருவைச் சிறிதாகவும் தெளிவாகவும் ஆக்குவதில் தனிக் கவனம் செலுத்தினார். 1862இல் அவ்வச்சகம் வெளியிட்ட வின்ஸ்லோ அகராதி, நெருக்கமான பத்திகளிலும் படிக்கத்தக்க தமிழெழுத்து இயலும் என்பதற்குச் சான்று. 1835க்குப் பின் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடை நீங்கியது. தமிழ்ப் புலவர்களின் பதிப்பு முயற்சிகள் விரிவுபெற்ற அக்காலத்தில், அவர்களுக்குக் கிடைத்த எழுத்துருக்கள் இவ்வாறு பலர் கைப்பட்டுச் செம்மையுற்றவை.

இக்கைவினையின் செய்முறையைச் சுருங்க நோக்கலாம். எஃகுத் தண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்கியது 'பஞ்ச்' எனப்பட்டது. அதனைச் செம்புத் துண்டில் அறைந்து பெற்ற குழிவு 'மேட்ரிக்ஸ்'. அக்குழிவின்மேல் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகத்தை வார்த்து அச்செழுத்து பெறப்பட்டது. ஒவ்வோர் அச்செழுத்தும் ஒரு நாற்கோணக் கட்டைமேல் அமரவேண்டும். எழுத்தின் மேல்விலங்கும் கீழ்விலங்கும் அக்கட்டையின் எல்லைக்குள் அடங்கவேண்டும். ஓலையில் எல்லையின்றிச் சுழன்ற தமிழெழுத்து முதன்முறையாக ஒரு பெட்டிக்குள் அடங்க நேர்ந்தது இவ்வாறே.

3. ஓலை விட்ட ஐயமும் அச்சு சொன்ன விடையும்

மெய்யெழுத்துக்கும், எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி உண்டெனத் தொல்காப்பியம் விதிக்கிறது. ஓலைச்சுவடி வழக்கில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. இதனால் மெய்க்கும் அகரமேறிய மெய்க்கும், குறிலுக்கும் நெடிலுக்கும் வரிவடிவில் வேறுபாடு அற்றுப்போயிற்று. காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. சுவடியில் உள்ள 'கொம்பு, பகரம், கால்' என்னும் ஒரே கோவையைப் பொ, போ, பெர, பேர, பெர், பேர் என ஆறு வகையாகப் படிக்க இயலும். கொம்பு குறிலாகவோ நெடிலாகவோ அமையலாம். இறுதிக்கோடு காலாகவோ, ரகரமாகவோ, ரகர ஒற்றாகவோ அமையலாம். இரண்டும் மூன்றும் பெருக ஆறாகும்.

படிப்பவர் பொருளும் யாப்பும் நோக்கி இவ்வாறனுள் ஒன்றைத் தேர்வார். சுவடி அந்த ஐயத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டே நூற்றாண்டுகளைக் கடந்தது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவரும் ஐயத்தைத் தீர்க்காமலே பெயர்த்தெழுத முடிந்தது. அச்சு அதற்கு இடந்தரவில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தனித்தனி அச்செழுத்துகளாகவும், காலும் ரகரமும் தனித்தனி அச்செழுத்துகளாகவும், புள்ளியுள்ளதும் இல்லாததும் தனித்தனி அறைகளிலும் வைக்கப்பட்டபின், அச்சுக்கோப்பவரின் கை ஏதேனும் ஓர் அறைக்குச் சென்றே ஆகவேண்டும். ஐயத்தை ஐயமாகவே அச்சிடுவதற்கு அச்செழுத்து இல்லை. பதிப்பாசிரியரை விடைசொல்ல வற்புறுத்தியது எழுத்துரு.

இது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. பதினாறாம் நூற்றாண்டின் தமிழ் அச்சு நூல்கள் சுவடியின் வழக்கையே பின்பற்றிப் புள்ளியின்றியும், குறில் நெடிற்கொம்பு வேறுபாடின்றியும் அமைந்தன. எகர ஒகர நெடில்களை வேறுபடுத்திக் காட்டும் முறை வீரமாமுனிவர் பெயரால் வழங்குகிறது. குறிலுக்குப் புள்ளியிடும் பழைய விதிக்கு மாறாக, நெடிலுக்குத் தனி அடையாளம் இடுவது அவர் முறை. 1738இல் தரங்கம்பாடியில் அச்சான அவரது கொடுந்தமிழ் இலக்கணம் எழுத்தைக் குறித்த இச்சிந்தனையுடன் தொடர்புடையது. இம்மாற்றம் நிலைபெற்றமைக்கு இலக்கண நூலின் விதி மட்டும் காரணமாகாது. இரட்டைக்கொம்புக்கெனத் தனி அச்செழுத்து வார்க்கப்பட்டு ஒவ்வோர் அச்சகத்தின் பெட்டியிலும் அதற்கோர் அறை அமைந்ததும் காரணமாகும். தொல்காப்பிய விதி ஓலையில் தளர்ந்துபோனது; வீரமாமுனிவரின் முறை உலோகத்தில் உறுதிப்பட்டது. எழுதுபொருளின் ஆற்றல் இலக்கண விதியின் ஆற்றலுக்குக் குறைந்ததன்று.

ரகரத்தின் வரலாறு இன்னும் நுட்பமானது. காலினின்று ரகரத்தை வேறுபடுத்த அதன் அடியில் சாய்கோடு சேர்க்கப்பட்டது. ஆனால் புள்ளி பெற்ற ரகரத்துக்கும், இகர ஈகாரம் ஏறிய ரகரத்துக்கும் அச்சாய்கோடு தேவைப்படவில்லை. புள்ளியும் விலங்குமே அது காலன்று என அறிவித்துவிடும். எனவே பழைய எழுத்துருக்கள் பலவற்றில் அவை சாய்கோடின்றிக் காலின் வடிவிலேயே வார்க்கப்பட்டன. இது கைவினைஞரின் சிக்கனம், அறிவார்ந்த சிக்கனமுங்கூட. அச்சிக்கனம் கணினிக் காலத்தில் எத்தகைய விளைவை உண்டாக்கியது என்பது ஆறாம் பகுதியில் காட்டப்படும்.

4. சீர்திருத்தம்: எழுத்தெண்ணிக்கையும் அச்செழுத்தெண்ணிக்கையும்

1935இல் பெரியார் 'குடி அரசு' இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம், 1978ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாட்டரசின் ஆணையால் பொதுவழக்காயிற்று. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகிய ஒன்பதும், ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் ஆகப் பதின்மூன்று எழுத்துகள் இதனால் வடிவம் மாறின. முன்னவற்றில் எழுத்தோடு பிணைந்து சுழித்த கால் பிரிந்து தனிக்காலாயிற்று. பின்னவற்றில் துதிக்கை போல் மேலெழுந்த வளைவு நீங்கி ஐகாரக்கொம்பு வந்தமைந்தது.

அச்செழுத்தெண்ணிக்கையைக் குறைத்தல் இச்சீர்திருத்தத்துக்குச் சொல்லப்படும் காரணங்களுள் முதன்மையானது. இக்கூற்றைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும். சீர்திருத்திய முறையில் கையால் கோப்பதற்குத் தேவையான குறைந்த அளவு அச்செழுத்துகள் வருமாறு: உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளிமெய் 18, இகர ஈகார ஏற்றங்கள் 36, உகர ஊகார ஏற்றங்கள் 36, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு ஆகியன 4. ஔகாரக் குறிக்கு ளகர அச்செழுத்தையே கொள்வதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 125. இதில் கிரந்த எழுத்துகளும் எண்களும் குறியீடுகளும் சேர்க்கப்படவில்லை.

பழைய முறைக்கு இவற்றோடு கூடுதலாக வேண்டுவன எத்தனை? பதின்மூன்று அல்ல. பழைய ணொ என்பது ஒற்றைக்கொம்பையும் பழைய ணா வடிவையும் அடுத்தடுத்துக் கோத்துப் பெறப்படுவது. ணோ என்பது இரட்டைக்கொம்பையும் அதே ணா வடிவையும் கோத்துப் பெறப்படுவது. றகர னகரங்களுக்கும் இதுவே முறை. எனவே ஆகார வடிவங்கள் மூன்று, ஐகார வடிவங்கள் நான்கு என ஏழு அச்செழுத்துகளே கூடுதல். 132இலிருந்து 125ஆகக் குறைந்தது ஏறத்தாழ ஐந்து விழுக்காடு. எழுத்துநிலையில் பதின்மூன்றாகத் தோன்றும் மாற்றம், அச்சுக்கோப்பவரின் பெட்டியில் ஏழு அறைகளின் மாற்றமே.

இக்கணக்கு சீர்திருத்தத்தின் சிறப்பைக் குறைப்பதற்காகக் காட்டப்படவில்லை. அதன் பயன் எங்கு அமைந்தது என்பதைத் துல்லியமாகக் காண்பதற்கே காட்டப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட அறைகளை உடைய பெட்டிக்கு ஏழு அறை சிறிது. நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளே உடைய தட்டச்சுப்பொறிக்கோ ஏழு வடிவம் பெரிது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கியபோது, அழுத்தினாலும் உருளை நகராத விசைகளைக் கொண்டு விலங்குகளைச் சேர்க்க நேர்ந்தது இவ்விட நெருக்கடியாலேயே. எனவே சீர்திருத்தத்தின் பயன் எந்திரத்துக்கு எந்திரம் வேறுபட்டது. எல்லா எந்திரத்துக்கும் பொதுவான பயன் ஒன்றுண்டு. அது எண்ணிக்கை அன்று, ஒழுங்கு. பதினெட்டு மெய்யும் ஆகாரத்திலும் ஐகாரத்திலும் ஒரே விதியைப் பின்பற்றின. கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் இதுவே பெரும்பேறு.

எண்ணிக்கையே நோக்கமாயின், சீர்திருத்தம் கைவைத்திருக்க வேண்டிய இடம் உகர ஊகாரங்களாகும். உகரத்தில் மூன்று வகை உண்டு. ஙு, சு, பு, யு, வு ஆகிய ஐந்தும் கீழ்நோக்கிய கோட்டைப் பெறுகின்றன. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகிய ஆறும் வளைந்து சுழிகின்றன. ஞு, ணு, து, நு, று, லு, னு ஆகிய ஏழும் அடியில் மடங்கி மேலெழும் கோட்டைப் பெறுகின்றன. ஊகாரத்தில் இவ்வேறுபாடு மேலும் பெருகுகிறது. கூ என்பது தனக்கென ஒரு வடிவைக் கொண்டுள்ளது. இம்முப்பத்தாறையும் பிரித்தெழுதும் திட்டத்தை வா. செ. குழந்தைசாமி உள்ளிட்டோர் முன்வைத்தனர். அது ஏற்கப்படவில்லை. கணினி வந்தபின் முப்பத்தாறு வடிவங்களும் எழுத்துருக் கோப்புக்குள் அடங்கிவிட்டமையால், எந்திரத்தைக் காரணங்காட்டும் தேவையும் குறைந்தது. ஒரு காலத்து எந்திரத்தின் குறைக்காக மொழியின் வரிவடிவை நிலையாக மாற்றுவதற்குமுன் அக்குறை எத்துணைக் காலம் நீடிக்கும் என எண்ணவேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

5. வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் நுட்பங்கள்

எழுத்துரு வடிவமைப்பாளர் தனியெழுத்தை அழகுபட வரைபவர் மட்டுமல்லர். எந்த எழுத்து எதனருகே வந்தாலும் பக்கம் ஒரே சீராக அமையுமாறு ஓர் ஒழுங்கை உண்டாக்குபவர். தமிழில் இதற்கு மூன்று இடர்ப்பாடுகள் தனித்து நிற்கின்றன.

முதலாவது அகலம். ரகரமும் காலும் ஒடுங்கியவை. ணகரமும் ஞகரமும் விரிந்தவை. ணகரத்தை ஒடுக்கினால் அதன் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி னகரமாகத் தோன்றும். விரித்தால் வரியில் அது மட்டும் பரந்து கண்ணை உறுத்தும். ணகர னகர வேறுபாடு பொருள் வேறுபாடாதலின் இங்கு அழகியலும் பாடத்தெளிவும் ஒன்றாகின்றன.

இரண்டாவது உயரம். பகரத்தையோ டகரத்தையோ அளவுகோலாகக் கொண்டால், ஈகார விலங்கு அதற்கு மேலும், உகர ஊகாரக் கோடுகள் அதற்குக் கீழும் நெடிது செல்கின்றன. ஒரே கட்டைக்குள் இவையனைத்தும் அடங்கவேண்டியிருப்பதால் பகரத்தின் உடல் சிறுக்கவேண்டும். பன்னிரண்டு புள்ளி அளவில் கோத்த தமிழ், அதே அளவிலான உரோமன் எழுத்தினும் சிறிதாகத் தோன்றுவது இதனாலேயே. வரிகளுக்கிடையே இடம் குறைந்தால் மேல்வரியின் ஊகாரக்கோடு கீழ்வரியின் புள்ளியை மறைக்கும். மெய்க்கும் உயிர்மெய்க்கும் உள்ள வேறுபாடு அப்புள்ளி ஒன்றே என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

மூன்றாவது கோட்டின் தடிப்பு. எழுத்தாணி ஒரே தடிப்புள்ள கோட்டையே இடும். உரோமன் எழுத்தோ, பட்டைமுனை இறகின் வழிவந்து தடித்தும் மெலிந்தும் செல்வது. தமிழ் அச்செழுத்துகளைத் தொடக்கத்தில் உருவாக்கியோர் உரோமன் அச்செழுத்தில் பயின்றவர்களாதலின், நிமிர்ந்த கோடு தடித்தும் கிடைக்கோடு மெலிந்தும் வரும் அமைப்பு தமிழிலும் புகுந்தது. சுழிகள் நிறைந்த தமிழெழுத்தில் தடிப்பு எங்குத் தொடங்கி எங்கு முடியவேண்டும் என்பதற்குக் கைவழக்கின் சான்று போதாமையால், ஒவ்வொருவரும் தத்தம் தீர்வைக் கண்டனர்.

இச்சிக்கல்களுக்கு அண்மைக் காலத்தில் விடைகண்டவர்கள் தம் பெயருடன் அறியப்படுவது வரவேற்கத்தக்க மாற்றம். மலேசியாவின் முத்து நெடுமாறன், 1985 முதல் 'முரசு அஞ்சல்' வழியாகவும், மேக் இயங்குதளத்தில் இடம்பெற்ற 'இணைமதி' முதலிய எழுத்துருக்கள் வழியாகவும் கணினித்தமிழின் தோற்றத்தையே வடிவமைத்தவர்களுள் ஒருவர். பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரான்' மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகளில் அமைந்தது. மிகத் தடித்த எடையில் ணகரச் சுழியின் உள்வெளி மூடிப்போகாமல் காப்பது எளிதன்று. இலங்கையின் தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்தின் ஓட்டத்தை எழுத்துருவாக்குகிறது. இவற்றுக்கு இணையாக வேறொரு மரபும் உண்டு. ஓவியர் ஆதிமூலம் போன்றோர் சிற்றிதழ்களுக்கும் நூலட்டைகளுக்கும் தூரிகையால் வரைந்த தலைப்பெழுத்துகள், அச்சுப்பெட்டியின் கட்டுப்பாட்டினின்று தமிழெழுத்தை விடுவித்தன.

6. கணினி எழுத்துருவில் மறைந்த முடிவுகள்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஒருங்குறி எழுத்துக்குக் குறியெண் தருகிறது. வடிவத்தை எழுத்துருவுக்கு விட்டுவிடுகிறது. இதன் விளைவாக 1978க்கு முந்தைய பழைய ணா வடிவுக்கும் புதிய ணா வடிவுக்கும் ஒரே குறியெண் கோவையே உரியது. பழைய வடிவைக் காட்ட வேண்டின் அதற்கெனப் பழைய வடிவங்களைக் கொண்ட எழுத்துருவைத் தேடவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலொன்றை எழுத்துப்பெயர்ப்புச் செய்பவர், மூலத்தில் எவ்வடிவம் இருந்தது என்பதைப் பனுவலில் பதிவுசெய்ய இயலாது. அரசாணை முடிவுசெய்த ஒன்று இன்று எழுத்துரு வடிவமைப்பாளரின் முடிவாகியுள்ளது.

மாறாக, வடிவம் ஒன்றாயிருந்தும் குறியெண் வேறாகும் இடங்களும் உண்டு. ஔகாரக் குறியும் ளகரமும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. 'கௌ' என ஓரெழுத்தாக உள்ளிட வேண்டியதைக் 'கெள' என இரண்டெழுத்தாக உள்ளிட்டாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. பழைய தமிழ் எண்களான ௧, ௭, ௮ ஆகியவை முறையே ககர, எகர, அகரங்களை ஒத்திருத்தல் மற்றோர் எடுத்துக்காட்டு. மூன்றாம் பகுதியிற் கண்ட ரகரச் சிக்கனமும் இங்குத் தலைகாட்டுகிறது. பழைய அச்சில் பழகிய கண்ணுக்குப் புள்ளியிட்ட கால் ரகர ஒற்றாகவே தோன்றும். ஆகவே கணினியிலும் காலின்மேற் புள்ளியிட்டு ரகர ஒற்றாக உள்ளிட்ட பனுவல்கள் தோன்றின. மனிதர் அவற்றைத் தடையின்றிப் படிப்பர். சொல்லடைவு தயாரிக்கும் நிரலோ, 'அவர்' என்ற சொல்லைத் தேடும்போது அவற்றைக் காணாது கடந்துவிடும்.

எனவே ஓலை விட்ட ஐயத்தை ஈய அச்சு தீர்த்தது என்றால், கணினி அதை வேறிடத்தில் மீண்டும் உண்டாக்கியுள்ளது. ஓலையில் ஐயம் கண்ணுக்குத் தெரிந்தது. கணினியில் அது தெரிவதில்லை. பேரளவிலான தமிழ்ப் பனுவல் தொகுப்புகளை அடிப்படையாகக் கொண்டு சொல்லாய்வு செய்வோர் இதனை உணராவிடின், அவர்தம் புள்ளிவிவரங்கள் எழுத்துருவின் மயக்கத்தை மொழியின் இயல்பாகக் காட்டிவிடும்.

7. பரிந்துரைகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பதிப்பாய்வுத் துறையினர் கருத்திற் கொள்ளத்தக்கன சில உண்டு. முதலாவது, பழைய அச்சு நூல்களை விவரிக்கும்போது பதிப்பாசிரியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றுடன் எழுத்துருவின் இயல்பையும் குறிக்கவேண்டும்: புள்ளி இடப்பட்டுள்ளதா, கொம்பு வேறுபடுத்தப்பட்டுள்ளதா, ரகரமும் காலும் வேறுபடுகின்றனவா என்பன போதும். ஆண்டு குறிக்கப்படாத நூலின் காலத்தை ஊகிப்பதற்கும் இவை துணைசெய்யும்.

இரண்டாவது, செம்பதிப்புக்கு எழுத்துருவைத் தேரும்போது ரகரம்–கால், ஔகாரக் குறி–ளகரம், ணகரம்–னகரம், தமிழெண்–எழுத்து ஆகிய இணைகள் தெளிவாக வேறுபடுகின்றனவா எனச் சோதிக்கவேண்டும். புள்ளி சிறிய அளவிலும் அழியாது நிற்கிறதா என்பதைத் தாளில் அச்சிட்டே அறியவேண்டும். திரையிற் கண்டது போதாது.

மூன்றாவது, மின்பதிப்பை வெளியிடுமுன் காலின்மேற் புள்ளி, 'கெள' போன்ற மயக்கக் கோவைகளை நிரல்வழித் தேடிக் களையவேண்டும். அதேவேளை, 'கெள' என்பன எல்லாம் பிழையல்ல. 'கெளுத்தி' என்ற மீன்பெயரில் அது சரியான வடிவம். ஆதலின் எந்திரம் பட்டியலிட, அறிஞர் முடிவுசெய்தலே முறை.

நான்காவது, நூலின் முகப்புப் பக்கத்தின் பின்புறத்தில் எழுத்துருவின் பெயரும் அதனை வடிவமைத்தவர் பெயரும் இடம்பெறவேண்டும். 1578இல் கொல்லத்தில் இயன்றது இன்று இயலாததன்று.

8. முடிவுரை

எழுத்துரு என்பது மொழிக்கு இடப்பட்ட ஆடை எனக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆடையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை. எழுத்துருவோ பாடத்தின் பொருளைத் தொடுகிறது. புள்ளியிடுவதா, காலைப் பிரிப்பதா, ரகரத்துக்குச் சாய்கோடு தருவதா என ஒவ்வோர் இடத்திலும் எழுத்துருவை உருவாக்கியவர் எடுத்த முடிவு, பின்வந்த படிப்போர்க்கும் பதிப்போர்க்கும் எல்லை வகுத்தது. சுவடியிலிருந்து அச்சுக்கு மாறிய காலத்தில் அம்முடிவுகளைக் குறித்துப் புலவரும் கைவினைஞரும் அருகருகே இருந்து பணியாற்றினர். இன்று ஓலையிலிருந்தும் பழைய அச்சிலிருந்தும் நம் நூல்கள் மின்வடிவுக்குப் பெயர்க்கப்படுகின்றன. இப்பெயர்ப்பில் நேரும் மயக்கம் படியெடுக்கப்படும்தோறும் பெருகும்; திருத்துதலோ நாள்செல்லச் செல்ல அரிதாகும். தமிழ்த் துறைகள் எழுத்துரு வடிவமைப்பாளரைத் தம் ஆய்வுக்கு வெளியே நிறுத்தாமல், பதிப்பின் பங்காளராக ஏற்றுக் கலந்துரையாடுதல் இதனைத் தவிர்ப்பதற்குரிய வழியாகும். பத்து விரல்களால் நாம் உள்ளிடும் ஒவ்வொரு சொல்லிலும் அவர்களுடைய கையும் இருக்கிறது.